கணனிக் களம்: வேண்டாம் என்றதையும் எழுதி வைப்போம்

"அம்மா, இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பைதன் படித்தோம்" என்று பிள்ளை வந்து சொல்கிறது. "பாம்பைப் பற்றியா?" என்று நாம் கேட்கிறோம். பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிறது. நம் வீடுகள் பலவற்றில் இது நடந்திருக்கும். பைதன் என்பது கணனிக்குக் கட்டளை எழுதும் மொழிகளில் ஒன்று. மலைப்பாம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிரித்தானியத் தொலைக்காட்சியில் வந்த மொன்ரி பைதன் என்ற நகைச்சுவைக் குழுவின் பெயரைத்தான் அதை உருவாக்கியவர் தமது மொழிக்கு வைத்தார்.

இம்முறை கணனிக் களத்தில் அந்த மொழியில் எழுதுவது எப்படி என்று நாம் சொல்லித்தரப் போவதில்லை. அதை நம் பிள்ளைகளே நமக்குச் சொல்லித்தருவார்கள். அந்த மொழியை வளர்க்கிறவர்கள் தமது திட்டக் கடதாசிகளை எப்படி ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறார்கள் என்பதையே பார்க்கப் போகிறோம். கடதாசி அடுக்குவதில் என்ன பெரிய விசயம் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். நாலு பேர் தொடங்கிய பொதுவேலை நாலாயிரம் பேரிடம் போகும்போது, அது நிலைப்பதும் சிதறுவதும் பெரும்பாலும் இந்த அடுக்கில்தான் தங்கியிருக்கிறது. புதிதாக ஒரு நாட்டுக்கு வந்து சேர்ந்த நமக்கு இதில் தனியான ஓர் அக்கறையும் உண்டு. அது ஏன் என்பதைப் போகப்போகச் சொல்வோம்.

ஒருவரின் தலைக்குள் இருந்த திட்டம்

பைதன் ஒரு திறந்த மூல மென்பொருள். அதன் உள்ளே எழுதப்பட்டிருப்பதை யாரும் வாசிக்கலாம், பிரதி எடுக்கலாம், திருத்தலாம். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பல நாடுகளில் இருப்பவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே, சேர்ந்து அதை வளர்க்கிறார்கள்.

தொடக்கத்தில் அப்படி இல்லை. 1989 டிசெம்பரில், நத்தார் விடுமுறையை ஒட்டி, அம்ஸ்ரர்டாம் நகரில் உள்ள கணித, கணனி ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் பணியாற்றிய குய்டோ வான் றொசம் என்பவர் தனியாளாக இந்த வேலையைத் தொடங்கினார். 1991 பெப்ரவரியில் அதைப் பொதுமக்களுக்கு வெளியிட்டார். அந்த நாட்களில் திட்டம் என்று தனியாக ஒன்றை எழுதி வைக்கவேண்டிய தேவை பெரிதாக இருக்கவில்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதெல்லாம் அந்த ஒருவரின் தலைக்குள் இருந்தன. சந்தேகம் வந்தால் அவரைக் கேட்டால் போதும்.

ஆட்கள் கூடியபோதுதான் சிக்கல் தொடங்கியது. ஒரு புதிய வசதி வேண்டும் என்று ஒருவர் மின்னஞ்சலில் எழுதுவார். பத்துப் பேர் பதில் எழுதுவார்கள். வாதம் சூடேறும், பிறகு ஆறும். சில மாதங்கள் கழித்து அதே யோசனையோடு வேறொருவர் வந்து நிற்பார். முன்பு என்ன பேசினார்கள், ஏன் விட்டார்கள் என்பது கடிதக் குவியலுக்குள் எங்கோ கிடக்கும். பழைய ஆட்களுக்கு அலுப்பு, புதிய ஆளுக்கு அவமானம். வளர்கின்ற எந்தப் பொதுவேலைக்கும் வருகிற நோய் இது.

2000 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இதற்கு ஒரு மருந்து கண்டார்கள். பெரிய மாற்றம் எதுவாக இருந்தாலும் அதை ஒரு முன்மொழிவாக எழுத வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். பைதன் மேம்பாட்டு முன்மொழிவு என்ற கருத்துள்ள ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்துச் சுருக்கமாகப் 'பெப்' என்று அதை அழைக்கிறார்கள். பரி வார்சோ என்பவர் இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர்.

இந்த எண்ணம் வானத்தில் இருந்து விழுந்தது அல்ல. இன்றைய இணையத்துக்கு முன்னோடியான வலைப்பின்னலை அமெரிக்காவில் உருவாக்கிக் கொண்டிருந்தபோது, 1969 ஏப்ரல் 7 ஆம் திகதி, ஸ்ரீவ் குறொக்கர் என்ற பட்டப்பின்படிப்பு மாணவர் எண் 1 என்று குறித்து ஒரு குறிப்பு எழுதினார். கட்டளை என்றோ சட்டம் என்றோ அதற்குப் பெயரிடவில்லை. 'கருத்துக் கோரல்' என்று பணிவாகப் பெயரிட்டார். அந்த வரிசை இன்றும் தொடர்கிறது. வெளியான ஒரு குறிப்பை யாரும் பின்னர் மாற்றி எழுதுவதில்லை. மாற்றம் வேண்டுமானால் புதிய எண்ணில் புதிய குறிப்பு வரும். இது பழைய இன்ன எண்ணுக்குப் பதிலாக வருகிறது என்று அதில் எழுதியிருக்கும்.

எண், நிலை, காரணம்

பைதன்காரரின் ஒழுங்கு எளிமையானது. அதை மூன்று சொற்களில் அடக்கலாம்: எண், நிலை, காரணம்.

முதலாவது, எண். ஒவ்வொரு முன்மொழிவுக்கும் ஓர் எண் உண்டு. கொடுத்த எண் மாறாது. பூச்சிய எண் உள்ள கடதாசி எல்லாவற்றுக்கும் அட்டவணை. எண் 1, முன்மொழிவு எழுதுவது எப்படி என்று சொல்கிறது. எண் 8, நிரலை எல்லோரும் ஒரே பாங்கில் எழுதுவதற்கான வழிகாட்டி. "அன்றைக்கு யாரோ சொன்னார்களே, அந்த விசயம்" என்று தேடி அலைய வேண்டியதில்லை. எண்ணைச் சொன்னால் எல்லோருக்கும் ஒரே கடதாசிதான் நினைவுக்கு வரும்.

இரண்டாவது, நிலை. கடதாசியின் தலைப்பிலேயே எழுதியவர் யார், எழுதத் தொடங்கிய திகதி என்ன, எந்த வகை, இப்போது என்ன நிலை என்பன இருக்கும். வரைவு, ஏற்கப்பட்டது, நிறைவேறியது, ஒத்திவைக்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, எழுதியவரே மீளப்பெற்றது, இன்னொன்றால் பதிலீடு செய்யப்பட்டது என்று நிலைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஒரு திட்டம் உயிரோடு இருக்கிறதா, தூங்குகிறதா, முடிந்துவிட்டதா என்பது வாசிக்கத் தொடங்கும்போதே தெரிந்துவிடும்.

மூன்றாவது, காரணம். இதுவே முக்கியம். என்ன வேண்டும் என்பது மட்டும் எழுதினால் போதாது. ஏன் வேண்டும், இதனால் பழைய நிரல்கள் பழுதாகுமா, வேறு என்ன வழிகளை யோசித்தோம், அவற்றை ஏன் விட்டோம் என்பனவும் எழுதப்பட வேண்டும். தமது கருத்துக்கு எதிரான கருத்துக்களையும் பதிவு செய்வது எழுதுகிறவரின் கடமை என்று எண் 1 கடதாசியே சொல்கிறது. எதிர்த்தவர் சொன்னதை, ஆதரிப்பவர் தமது கையாலேயே நியாயமாக எழுதி வைக்கவேண்டும். நம்மில் எத்தனை பேருக்கு இது இலகுவாக வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இவற்றுக்கு மேல், முன்மொழிவுப் பொறுப்பாசிரியர்கள் என்று சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கடதாசியின் ஒழுங்கைப் பார்ப்பார்கள், எண் கொடுப்பார்கள். அந்த யோசனை வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிப்பது அவர்களின் வேலை அல்ல. கோப்பு வைத்திருப்பவரின் கையில் அதிகாரம் போய்ச் சேராதபடி இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

மறுத்த கடதாசி பதினான்கு ஆண்டுக்குப் பின் உதவியது

நிராகரித்ததை ஏன் வைத்திருக்க வேண்டும், குப்பையில் போட்டால் என்ன என்று கேட்கலாம். ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

ஊரில் கணிதம் படித்தவர்களுக்குத் 'தாயம்' என்ற சொல் நினைவிருக்கும். எண்களை வரிசை வரிசையாகப் பெட்டிபோல் அடுக்குவது. விஞ்ஞானிகளுக்கு அவற்றைப் பெருக்கும் வேலை அடிக்கடி வரும். அதற்கெனத் தனிக் குறி பைதனில் இருக்கவில்லை. 2000 ஆம் ஆண்டிலேயே இதை ஒட்டி இரண்டு முன்மொழிவுகள் வந்தன. அவற்றின் எண்கள் 211, 225. அவற்றில் ஒன்று பல புதிய குறிகளை ஒரேயடியாகக் கேட்டது. இரண்டும் நிறைவேறவில்லை. ஆனால் இரண்டும் அதே எண்களில் அப்படியே இருந்தன.

2014 இல் எண் 465 வந்தது. அதை எழுதியவர் பழைய இரண்டையும் வாசித்துவிட்டே எழுத வந்தார். இம்முறை ஒரேயொரு குறி மட்டும் கேட்கப்பட்டது. மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வருமே, அந்தக் குறி. விஞ்ஞானிகளின் நிரல்களில் இந்தப் பெருக்கல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணியும் காட்டப்பட்டது. முன்மொழிவு ஏற்கப்பட்டது. 2015 செப்ரெம்பரில் வெளியான 3.5 ஆம் பதிப்பில் அந்தக் குறி வந்து சேர்ந்தது.

பழைய கடதாசிகள் இல்லாவிட்டால் அதே வாதத்தை முதலில் இருந்து தொடங்கி, அதே இடத்தில் முட்டி நின்றிருப்பார்கள். இந்த வாசல் பூட்டியிருக்கிறது, இன்ன காரணத்தால் பூட்டினோம் என்று முன்னே போனவர் எழுதி வைத்ததால்தான், பின்னே வந்தவர் வேறு வாசலைத் தேடினார்.

தமிழ் எழுத்து உள்ளே வந்த கதை

நமக்கு நேரே தொடர்புள்ள கடதாசியும் ஒன்று உண்டு. அது எண் 3131, 2007 இல் எழுதப்பட்டது. நிரல் எழுதும்போது விலை, தொகை, வயது என்பவற்றுக்கு ஒரு பெயர் வைக்கவேண்டும். முன்பு அந்தப் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் இருக்க முடியும். உலகின் பிற மொழி எழுத்துக்களிலும் பெயர் வைக்க விடவேண்டும் என்று கேட்டது இந்த முன்மொழிவு.

எல்லோரும் உடனே தலையாட்டி விடவில்லை. தமது விசைப்பலகையில் இல்லாத எழுத்தில் ஒருவர் எழுதினால் மற்றவர் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது ஓர் ஆட்சேபம். அதைக் கடதாசியிலேயே எழுதி, பதிலையும் எழுதி வைத்தார்கள். யாருக்காக எழுதுகிறோம் என்பதை எழுதுகிறவரே தீர்மானிக்கட்டும் என்பது பதில். அதேவேளை, பைதனுடன் சேர்ந்து வரும் பொதுவான நிரல்களில் ஆங்கில எழுத்தே இருக்கவேண்டும் என்ற விதியையும் சேர்த்தார்கள். 2008 டிசெம்பரில் வந்த 3.0 பதிப்பில் இது நடைமுறைக்கு வந்தது.

இன்று நம் பிள்ளை பைதனில் 'விலை' என்று தமிழிலேயே எழுதிப் பக்கத்தில் ஓர் எண்ணை இட்டால், கணனி அதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறது. ஏன் ஏற்றுக்கொள்கிறது, யார் எதிர்த்தார்கள், என்ன சொல்லி இணங்கினார்கள் என்பதை அந்தப் பிள்ளை விரும்பினால் இன்றைக்கே போய் வாசிக்கலாம். சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து வரும் பிள்ளையோடு இதை ஒருமுறை செய்து பாருங்கள்.

தலைவர் விலகியபோது

இந்த ஒழுங்குக்குப் பெரிய சோதனை வந்தது 2018 இல். அதுவரை எந்த முன்மொழிவிலும் கடைசிச் சொல் குய்டோ வான் றொசத்துடையது. பகிடியாக அவரை 'ஆயுட்காலத் தயாள சர்வாதிகாரி' என்று அழைப்பார்கள். எண் 572 என்ற ஒரு முன்மொழிவில் வாதம் மிகக் கடுமையாகப் போயிற்று. விசயம் சிறியது. ஒரு கணக்கைச் செய்துகொண்டே அதன் விடைக்குப் பெயர் வைக்கும் வசதி, அவ்வளவுதான். அவர் அதை ஏற்றார். ஆனால் அந்தச் சண்டை அவரை வெகுவாகக் களைப்படையச் செய்தது. 2018 யூலை 12 ஆம் திகதி, இனித் தாம் தீர்மானம் எடுப்பதில்லை என்று எழுதி விலகிக் கொண்டார். தமக்கு அடுத்தவர் யார் என்றும் பெயர் சொல்லவில்லை.

ஏறக்குறைய முப்பது ஆண்டு ஒருவரை நம்பியிருந்த வேலை இது. இப்படியான இடத்தில் சங்கம் இரண்டாக உடைவதை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பழகிய வழியிலேயே கடதாசி எழுதினார்கள். பிற திட்டங்கள் எப்படி நிர்வகிக்கப்படுகின்றன என்று றஸ்ற், ஜங்கோ போன்றவற்றைப் பார்த்து ஒரு முன்மொழிவில் தொகுத்தார்கள். வாக்கெடுப்பு எப்படி நடத்துவது என்று இன்னொன்று எழுதினார்கள். பிறகு நிர்வாக முறைக்கு ஏழு வெவ்வேறு முன்மொழிவுகள் வந்தன, எண் 8010 முதல் 8016 வரை. 2018 டிசெம்பரில் வாக்களித்து அவற்றில் கடைசியைத் தெரிவு செய்தார்கள். ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் சபை அமைக்கப்பட்டது. முதலாவது சபை 2019 பெப்ரவரியில் தெரிவானது. விலகிய தலைவரும் அதில் ஐவரில் ஒருவராக வந்து அமர்ந்தார்.

அந்தச் சபையின் யாப்பும் ஒரு முன்மொழிவுதான், எண் 13. ஒரே வேலைத்தலத்தைச் சேர்ந்தவர்கள் ஐவரில் இருவருக்கு மேல் இருக்கக்கூடாது என்று அதில் ஒரு விதி உண்டு. புதிய பதிப்பு ஒன்று வெளிவந்தபின் சபைக்கு மறுபடி தேர்தல் நடக்கும்.

எழுத்து எல்லாவற்றையும் தீர்க்குமா?

தீர்க்காது. அந்தத் தலைவரைக் களைப்படையச் செய்த சண்டையே ஒரு முன்மொழிவைச் சுற்றி வந்ததுதான். கடதாசி மனிதரின் கோபத்தை ஆற்றாது. கோபம் ஆறியபின் திரும்பி வந்து நிற்பதற்கு ஓர் இடத்தை அது வைத்திருக்கும்.

கடதாசி மிகுந்துபோவதும் ஒரு கேடு. ஆகவே பைதனில் சிறு வழுக்களைத் திருத்துவதற்கு முன்மொழிவு கேட்பதில்லை. அவை வேறொரு பட்டியலில் போகும். நிறைவேறி முடிந்த முன்மொழிவைக் கையேடாகவும் அவர்கள் கொள்வதில்லை. அன்று என்ன எண்ணினோம் என்பதற்கு அது சாட்சி. இன்று எப்படி இயங்குகிறது என்பதற்குக் கையேடு தனியாக உண்டு. செய்ய வேண்டியவை, தீர்மானிக்க வேண்டியவை, இப்போது இருப்பவை என்ற மூன்றையும் ஒரே கோப்பில் கலந்து கட்டினால் மூன்றும் பயன்படாது போகும்.

நடவாது என்பதையும் எழுதி வைக்கலாம் என்பதற்கு எண் 404 நல்ல சாட்சி. 2.8 என்ற பதிப்பு வரவே வராது என்று அறிவிப்பதற்கென்றே எழுதப்பட்ட கடதாசி அது. தேடியது கிடைக்காவிட்டால் கணனித் திரையில் தெரியும் எண்ணும் 404 தானே! வெறும் பகிடி என்று விட்டுவிட வேண்டாம். வரும் வரும் என்று காத்திருந்தவர்களுக்கு அது ஒரு தெளிவான பதில்.

நமக்கு இதில் என்ன?

புதிதாக ஒரு நாட்டுக்கு வந்தவருக்கு மிகப் பெரிய தொல்லை, எல்லோருக்கும் தெரிந்த ஆனால் எங்கும் எழுதப்படாத விதிகள். வேலைத்தலத்தில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், நமக்குப் புரியவில்லை. கேட்கவும் கூச்சம். கூட்டத்தில் வேகமாகப் பேசத் தெரிந்தவரின் யோசனை வெல்கிறது. நமது யோசனை நல்லதாக இருந்தாலும் மொழி தடக்குகிறது.

எழுதி வைத்த ஒழுங்கு இந்த இடத்தில் கைகொடுக்கிறது. இரவு வேலை முடிந்து வந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்து ஆண்டு வாதத்தையும் ஆறுதலாக வாசிக்கலாம். பதிலையும் ஆறுதலாக எழுதலாம். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு, எந்த விசா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கணனி படித்துவிட்டு "இந்நாட்டு அனுபவம் இருக்கிறதா?" என்ற கேள்விக்கு முன்னால் நிற்கும் நம் இளைஞர்களுக்குச் சொல்கிறோம். இப்படியான திறந்த திட்டம் ஒன்றின் அட்டவணையை முதலில் வாசியுங்கள். அடுத்து எண் 1 ஐ வாசியுங்கள். உங்களுக்கு ஒரு யோசனை தோன்றினால், அதை முன்பே யாராவது சொல்லி நிராகரிக்கப்பட்டதா என்று பாருங்கள். பெரிய மாற்றத்தில் தொடங்காமல் கையேட்டில் உள்ள ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துவதில் தொடங்குங்கள். செய்த வேலை உங்கள் பெயரோடு பகிரங்கமாக நிற்கும். வேலை கேட்டுப் போகும் இடத்தில் அதைக் காட்டலாம்.

நமது ஊர்ச் சங்கங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் இதில் இருந்து எடுத்துக்கொள்ளச் சில உண்டு. பெரிய தீர்மானம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கடதாசி, ஓர் எண், ஒரு திகதி. அது வரைவா, ஏற்றதா, மறுத்ததா, ஒத்திவைத்ததா என்று தலைப்பில் ஒரு சொல். காரணம் இரண்டு பந்தி. எதிர்த்தவர் சொன்னது ஒரு பந்தி. எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் அட்டவணை. இவ்வளவும் ஒரு கொப்பியில் அடங்கும். செயலாளர் வேறு நகரத்துக்கு மாறிப்போகும்போது சங்கத்தின் நினைவும் அவரோடு பெட்டி கட்டிப் போகாது.

இன்னுமொன்று. பைதன்காரரின் கடதாசிகள் ஓரிடத்தில் மட்டும் இல்லை. அவற்றைப் பிரதி எடுத்த ஒவ்வொருவரின் கணனியிலும், செய்த மாற்றங்களின் வரலாற்றோடு, முழுமையாக இருக்கின்றன. ஒரு கட்டடம் எரிந்தால் எல்லாம் போகாது. 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும், வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் சாம்பலானதை அறிந்த நமக்கு, பிரதியின் பெறுமதியை யாரும் விளக்கத் தேவையில்லை. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் ஒவ்வொன்றாக எண் கொடுத்துச் சேர்த்து வருகிறார்கள். நமது சங்கங்களின் பழைய அறிக்கைகள், மலர்கள், தீர்மானக் கொப்பிகள் எத்தனை வீட்டு நிலவறைகளில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றனவோ!

அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்துக்குப் போகும்போது புதுக் கொப்பி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். முதற்பக்கத்தை அட்டவணைக்கு வெறுமையாக விடுங்கள். இரண்டாம் பக்கத்தில் 1 என்று எண் இட்டு, "நாம் முடிவெடுக்கும் முறை" என்று தலைப்பு எழுதுங்கள். அந்தப் பக்கத்தை நிரப்புவதில் வாதம் வந்தால், அதையும் எழுதுங்கள்.